சங்கிலிக்கு மாற்று எது?

2001 ஆகஸ்ட் 6 அன்று, பொழுது புலருமுன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். 28 உயிர்கள் மாண்டன. அவர்களை அங்கே கொணர்ந்து விட்டோரில் பெரும்பாலோர் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. அங்குள்ள தர்காவில் தங்கினால் குணமாகும் என்னும் நம்பிக்கையும், வேறு போக்கிடம் அறியாத கையறுநிலையும் அவர்களை அவ்வூருக்குச் செலுத்தின.

சங்கிலியை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்துவிட்டது. சங்கிலி இருந்த இடத்தில் எதை வைத்திருக்கிறோம் என்பதே நம் கேள்வி.

மனநோய்களுள் மனச்சிதைவையே எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் இளமையில் தொடங்குவது. காதில் குரல் கேட்கும். உற்றாரே கொல்ல வருவதாகத் தோன்றும். தமக்கு நோய் உண்டென்பதையே பலர் ஏற்கமாட்டார். ஆகவே மருத்துவரை நாடும் முதல் அடியை வீட்டாரே வைக்கவேண்டியுள்ளது. அந்த அடி எவ்வளவு விரைவாக அமைகிறதோ அவ்வளவுக்கு மீட்சியும் எளிதாகும். மந்திரிப்பதிலும் மறைப்பதிலும் கழியும் மாதங்கள் நோயை வேரூன்றச் செய்கின்றன. வழிபாட்டை விடச் சொல்வதற்கில்லை; ஏர்வாடி தர்காவிலேயே இன்று தொழுகையோடு மருந்தும் கிடைக்க அரசு வழி செய்திருக்கிறது. எங்குச் செல்வது என்று தெரியாதோர் 14416 என்னும் எண்ணை அழைக்கலாம், கட்டணமில்லை.

குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதே நோய் திரும்புவதற்குப் பெருங்காரணம். நாள்தோறும் விழுங்க மறுப்போருக்கு மாதம் ஒருமுறை இடும் ஊசியும் உண்டு. ஆயின் மருந்து மட்டும் போதாது. ஓயாத ஏச்சும் குற்றங்காணலும் நிறைந்த வீட்டில் நோய் மீண்டும் தலைதூக்குகிறது என்று ஆய்வுகள் பன்முறை காட்டியுள்ளன. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை வகித்த மருத்துவர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984இல் அந்நகரிலேயே 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தபோது, சிகிச்சையோடு தொழிற்பயிற்சியையும் குடும்பத்தார்க்கான அறிவுரையையும் இணைத்தார். நோயுற்றவரை மனிதராக மதித்த பார்வை அது.

இத்தகைய துணை சென்னைக்கு வெளியே எத்தனை பேருக்குக் கிட்டுகிறது? இன்றியமையா மருந்துகள் அரசுச் சமுதாய நல மையங்களிலேயே எக்காலமும் விலையின்றிக் கிடைக்கவேண்டும் என்கிறது சட்டத்தின் 18ஆம் பிரிவு. சிற்றூர்த் தாயோ ஒருநாள் கூலியை இழந்து, மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறுகிறாள். "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?" என்பது அவள் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி. மாத்திரைச் சீட்டில் அதற்கு விடை இல்லை. இடைநிலை இல்லங்களையும் துணையோடு வாழும் தங்குமிடங்களையும் அமைப்பது அரசின் கடமை என்று அதே பிரிவு விதித்திருக்கிறது. அவை எந்த மாவட்டத்தில், எந்த ஆண்டுக்குள், எத்தனை இடங்களோடு அமையும் என்பதை அரசு அடுத்த நிதிநிலை அறிக்கையிலேனும் அறிவித்தாக வேண்டும்.