வெள்ளிக் கம்பியும் வாலைநீரும்

இரண்டு வெள்ளிக் கம்பிகள், ஒரு குவளை வாலைநீர், ஒன்பது வோல்ட்டு மின்கலங்கள் மூன்று. இவை இருப்பின் எவரும் தம் இல்லத்திலேயே வெள்ளிக் கூழ்மக் கரைசலை ஆக்கிக்கொள்ளலாம் என்றும், அதனை நாள்தோறும் பருகி வந்தால் நோய்கள் அணுகா என்றும் கூறுவோர் உளர். இக்கூற்றின் முற்பாதியில் ஓரளவு மெய் உண்டு. பிற்பாதியில் அஃது இல்லை. மெய்யின் தோளில் ஏறிப் பொய் உலவுகின்றமையால், இதனைக் கல்லூரி மாணவர் ஆராய்ந்தறிதல் கடமையெனக் கருதுகின்றோம்.

கூழ்மம் என்பது யாது? உப்பை நீரிலிட்டால் அது கரைந்து மறைகின்றது. மணலை இட்டால் அடியிற் படிகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலை ஒன்றுண்டு. மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையுள்ள துகள்கள், கரையாமலும் படியாமலும் நீரில் மிதந்து நிற்கும். இந்நிலைக்குத் தாமஸ் கிரஹாம் என்னும் வேதியியல் அறிஞர் 1861-ம் ஆண்டில், பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பெயரமைத்தார். அதற்கு முன்னரே, 1857-ம் ஆண்டில், மைக்கேல் பாரடே தங்கத்தை இவ்வாறு நீரிற் பரப்பிச் செந்நிறமுடைய நீர்மங்களை ஆக்கிக் காட்டினார். அவர் ஆக்கியவற்றிற் சில, இலண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

உலோகக் கம்பிகளைக் கொண்டே கூழ்மம் ஆக்கும் முறையை 1898-ம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் பிரெடிக் வகுத்தார். நீருள் இரு கம்பி முனைகளை ஒன்றையொன்று தொடுமளவிற்கு நெருக்கி, பல ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அவற்றிடையே மின்வில் எழும். அவ்வெம்மையில் உலோகம் ஆவியாகி, சுற்றியுள்ள குளிர்ந்த நீரில் உடனே உறைந்து நுண்துகள்களாகும். இத்துகள்களைக் காண்பதற்கெனச் ஜிக்மாண்டி என்பார் சீடென்டாப்புடன் கூடி 1903-ம் ஆண்டளவில் மீநுண்ணோக்கியை அமைத்தார். கூழ்ம ஆராய்ச்சிக்காக 1925-ம் ஆண்டிற்குரிய வேதியியல் நோபெல் பரிசு அவரை அடைந்தது.

இல்லத்தில் மின்கலங்கொண்டு செய்வதோ பிரெடிக்கின் முறையன்று. அங்கே மின்வில் எழுவதில்லை. மின்னாற் பகுத்தலே நிகழ்கின்றது. நேர்மின்வாயாகிய கம்பியினின்றும் வெள்ளி அயனிகளாக நீரில் இறங்குகின்றது. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழியிடுகின்றது. அயனிகளுள் ஒரு சிறு பகுதியே துகளாக மாறி நீர்க்கு இளமஞ்சள் நிறம் தருகின்றது. ஆகவே கூழ்மம் என்னும் பெயரால் வழங்கும் அந்நீரிற் பெரும்பகுதி கூழ்மமே அன்று. ஐயமுடையோர் அதில் சிறிதளவு எடுத்துக் கறியுப்பு இட்டுப் பார்க்கலாம். வெள்ளி அயனி உப்பிலுள்ள குளோரைடுடன் கூடி வெண்ணிறக் கலக்கமாகும். உண்மையான கூழ்மத்தில் உப்பிட்டாலோ துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நிறம் மாறும். பாரடேயின் செந்நிறத் தங்கநீர் அவ்வாறே நீலமாயிற்று.

இவ்வுண்மையினின்றும் ஒரு வினா எழுகின்றது. நம் இரைப்பையில் இயல்பாகவே ஹைட்ரோகுளோரிக அமிலம் சுரக்கின்றதன்றோ? குவளையில் உப்புச் செய்யும் வேலையை அங்கே அவ்வமிலம் செய்யாதோ? கண்ணாடிக் குழாயில் வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது மெய்யே. ஆயினும் குழாய் வேறு, குடல் வேறு. குழாயிற் கண்டதை உடலுக்கு உரைத்தல் ஆராய்ச்சியன்று, ஆசையே.

அளவைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். பாரடேயின் மின்பகுப்பு விதிப்படி ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 4 மில்லிகிராம் வெள்ளியைக் கம்பியினின்றும் இறக்கும். ஆனால் மின்னோட்டம் நிலையாய் நிற்பதில்லை. அயனிகள் பெருகப் பெருக நீரின் கடத்துந்திறன் மிகும்; மின்னோட்டமும் ஏறும். ஆதலின் இருமடங்கு நேரம் விட்டால் வெள்ளி இருமடங்கிற்கும் மிகையாகும். மின்னோட்டம் அளக்கும் கருவியின்றிச் செய்பவர் தாம் பருகுவது எவ்வளவு என்பதை எவ்வாறு அறிவர்? அளவறியாப் பொருளை மருந்தென்று அழைத்தல் தகுமோ?

பருகியதன் பயன் யாது எனின், அது முகத்திலேயே எழுதப்படும். உடலிற் சேர்ந்த வெள்ளி தோலில் தங்கி, ஒளி பட்டு மாறி, நீலஞ்சார்ந்த சாம்பல் நிறத்தைத் தருகின்றது. ஆர்ஜிரியா எனப்படும் இந்நிறம் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்குவதில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2002-ம் ஆண்டுச் செனட் தேர்தலில் நின்ற ஒருவர், இந்நீரைத் தாமே ஆக்கிப் பருகித் தோல் நீலம் பாய்ந்தவராய் மக்கள்முன் தோன்றினார். 2000-ம் ஆண்டுப் பிறப்பில் கணிப்பொறிகள் நிலைகுலைந்து மருந்துகள் கிடையாமற் போகும் என்று அஞ்சியே அவர் இதனைத் தொடங்கினார். கூழ்ம வெள்ளி சேர்ந்த கடைமருந்துகள் தீங்கற்றவை என்றேனும் பயனுடையவை என்றேனும் ஏற்கத்தக்கன அல்ல என்று, 1999-ம் ஆண்டிலேயே அந்நாட்டு உணவு மருந்து ஆணையம் விதித்திருந்தது.

வெள்ளியை மருத்துவரும் கையாண்டனர் அன்றோ எனச் சிலர் வினவுவர். ஆம், கையாண்டனர். 1880-ம் ஆண்டளவில் லைப்சிக் நகரில் கிரெடே என்னும் மருத்துவர், பிறந்த குழவியின் கண்ணில் நூற்றுக்கிரண்டு வீதமுள்ள வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சொட்டாக இட்டு, பல குழவிகளின் கண்ணொளியைக் காத்தார். தீப்புண்ணிற்கு வெள்ளி சேர்ந்த களிம்பு இன்றும் உண்டு. ஆனால் இடம், அளவு, காலம் மூன்றும் வரையறுத்தே அவர்கள் இட்டனர். குவளை குவளையாகப் பருகச் சொன்னாரல்லர். நம் நாட்டில் வெள்ளிப் பற்பம் என்னும் பெயர் செவிக்குப் பழகியது. அப்பெயரின் மதிப்பை இந்நீரின்மேல் ஏற்றுவதும் முறையன்று. பொருளும் செய்முறையும் வெவ்வேறாம்.

ஆயின் இச்சோதனையையே விலக்க வேண்டுமோ? வேண்டா என்பதே எம் கருத்து. ஆசிரியர் மேற்பார்வையில், மின்கலங்கொண்டு, கல்லூரிச் சோதனைச் சாலையில் இதனைச் செய்க. இருட்டறையில் ஒளிக்கதிரைப் பாய்ச்சி, துகள்களால் அதன் தடம் நீரில் ஒளிர்வதைக் காண்க. உப்பிட்டுச் சோதிக்க, மின்னோட்டத்தை அளந்து வெள்ளியின் அளவைக் கணக்கிடுக. வீட்டு மின்சாரத்தை மட்டும் நீரில் இட்ட கம்பிகளோடு இணைத்தலாகாது. அஃது உயிர்க்கே இறுதியாம். முடிவில் புட்டியை மூடி, பருகத் தக்கதன்று என்று எழுதி ஒட்டுக.

செய்வது எளிதென்பதனாலேயே ஒன்று மருந்தாகிவிடாது. தம் கையாற் செய்த பொருளின்மேல் மனிதர்க்கு அன்பு மிகுதி; அவ்வன்பே இங்கு அறிவை மறைக்கின்றது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது, மருத்துவரிடம் செல்லாது இந்நீரை ஊட்டும் பெற்றோரும் அவ்வன்பினாலேயே பிழை செய்வர். அன்னார்க்கு அமைதியாக எடுத்துரைக்க வல்லவர், இச்சோதனையைத் தம் கையாற் செய்து அளந்தறிந்த மாணவரே. கற்ற வேதியியல் தேர்வுத்தாளோடு நில்லாது அயல்வீட்டுத் திண்ணைவரை சென்று பயன்படுமாயின், அக்கல்வியே கல்வியாம்.