இரு கரைக்கும் ஒரே துறைமுகம்

ஜெர்சி சிட்டியின் கிரீன்வில் ரயில் முற்றத்தில் சரக்குப் பெட்டிகளை மிதவையில் ஏற்றும் வேலை நிதானமாகத்தான் நடக்கும். ஒரு பக்கத் தண்டவாளத்தில் பாரம் கூடினால் மிதவை சாய்ந்துவிடும். ஆகவே இருபுறமும் பார்த்துப் பார்த்துத் தள்ளுவார்கள். பிறகு இழுவைப் படகு அதைப் புரூக்ளின் கரையில் கொண்டுசேர்க்கும்.

இந்தப் படகுப் பயணம்தான் ஒரு பழைய வழக்கின் மையம். பென்சில்வேனியா, ஈரி, லீஹை வேலி எனப் பெரும்பாலான ரயில் நிறுவனங்களின் பாதை ஹட்சனின் மேற்குக் கரையிலேயே முடிந்தது. நியூயார்க் சரக்கைப் படகில் அனுப்பும் செலவை அவையே ஏற்று, இரு கரைக்கும் ஒரே கட்டணம் வாங்கின. "எங்கள் கரையில் இறங்கும் சரக்குக்குப் படகே வேண்டாமே, பிறகு ஏன் அதே கட்டணம்?" என்று நியூ ஜெர்சி கேட்டது. நியாயமான கேள்வி. கட்டணம் பிரிந்தால் வணிகம் கைவிட்டுப் போகும் என்ற நியூயார்க்கின் அச்சமும் வீண் பயமல்ல. 1917-இல் மத்திய வணிக ஆணையம் நியூ ஜெர்சியின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. துறைமுகம் ஒன்றே, சேர்ந்து சீர்படுத்துங்கள் என்றது. 1921 ஏப்ரல் 30-இல் போர்ட் அத்தாரிட்டி என்ற பொதுத் துறைமுக அமைப்பை உருவாக்கும் ஒப்பந்தத்தில் இரு மாநிலங்களும் கையெழுத்திட்டன. வழக்கில் தோற்றவர்களும் அந்த மேசையில் இருந்தார்கள்.

வடக்கு ஜெர்சியில் 1999 முதல் சிஎஸ்எக்ஸ், நார்ஃபோக் சதர்ன் என்ற இரு போட்டி ரயில் நிறுவனங்களின் பெட்டிகளையும் கான்ரெயில் நிறுவனம் பொதுவாகக் கையாள்கிறது. கரையில் இப்படிச் சேர்ந்து செயல்பட முடிகிறது; ஆற்றைக் கடப்பதுதான் இன்றும் சிக்கல். மிதவையை விட்டால் சரக்கு ரயில் ஆல்பனி அருகே செல்கர்க் வரை சுற்ற வேண்டும். அதனால் சுமை லாரிக்குப் போகிறது. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் வழியில், பாலத்தில் முன்னால் நிற்கும் லாரியைத் திட்டுகிறோம். நம் அரிசி மூட்டையே அதில் இருக்கலாம்!

துறைமுகத்துக்கு அடியில் சரக்கு ரயில் சுரங்கம் தோண்டினால் லாரிகள் குறையும் என்கிறார்கள் ஒரு சாரார். குயீன்ஸில் ஃப்ரெஷ் பாண்ட் முற்றத்தை ஒட்டிக் குடியிருப்போருக்கோ நள்ளிரவு ரயிலின் இரைச்சலே கவலை. இரண்டும் மெய். சுரங்கம் பெருஞ்செலவு, அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2008 முதல் போர்ட் அத்தாரிட்டியின் கையில் இருக்கும் மிதவைச் சேவையை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம். கூடுதல் பெட்டிகள் எந்த நேரத்தில் வரும் என்பதை முற்றத்தின் அண்டை வீட்டாரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யலாம். போர்ட் அத்தாரிட்டியின் வாரியக் கூட்டங்களில் பொதுமக்களும் பேச முடியும். நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து ஒருவரும் குயீன்ஸிலிருந்து ஒருவரும் அங்கே சேர்ந்து போனால் நல்லது.