ரிப்போர்ட்டில் இல்லாத கொலஸ்ட்ரோல்

எங்கட வீடுகளில் கொலஸ்ட்ரோல் என்று கதை எடுத்தால் முதல் குற்றவாளி தேங்காய்ப்பால். அடுத்தது முட்டை. அதுக்குப் பிறகு ஆட்டிறைச்சிக் கறி. சொதியைக் குறைச்சாச்சு, பொரியலுக்கு எயர் ஃப்ரையர் வாங்கியாச்சு, இனிப் பயமில்லை என்று இருக்கிற ஆக்கள் கனபேர். சாப்பாடு முக்கியம்தான். ஆனால் சாப்பாட்டால் பெரிதாக ஏறாத, இறங்காத ஒன்றும் இரத்தத்தில் ஓடுகிறது. இந்த மாதம் அதைப் பற்றித்தான்.

கொலஸ்ட்ரோல் ஒரு கொழுப்புப் பொருள். எண்ணெயும் தண்ணியும் போல, அதுவும் இரத்தமும் தானாகக் கலவாது. அதனால் புரதம் சுற்றிக் கட்டின சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் அது உடம்புக்குள் பயணம் செய்யும். இந்தப் பொதிகளுக்கு லிப்போபுரோட்டீன் என்று பெயர். ரிப்போர்ட்டில் வருகிற எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டும் இந்த இனம்தான்.

வழக்கமான ரிப்போர்ட்டில் வராத இன்னொன்று இருக்கு. 1963இல் நோர்வே நாட்டு மரபியல் ஆய்வாளர் கோரே பெர்க் கண்டுபிடித்தது. பெயர் லிப்போபுரோட்டீன் (ஏ). டொக்டர்மார் ‘எல்.பி. லிட்டில் ஏ’ என்பார்கள். எல்.டி.எல். போன்ற ஒரு பொதியில் மேலதிகமாக ஒரு புரத வால் ஒட்டியிருந்தால் அதுதான் இது. அந்த வால், இரத்தக்கட்டியைக் கரைக்க உதவுகிற பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தின் சாயலில் இருக்கும். ஆனால் அந்த வேலையைச் செய்யாது. இது கூடின ஆக்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய வால்வு தடித்துச் சுருங்குவது ஆகியவற்றுக்கான ஆபத்தும் கூடுகிறது. உலகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது அளவுக்கு மேல் இருக்கு.

இந்த அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மரபணு. ஐந்து வயதளவில் வருகிற அளவுதான் கிட்டத்தட்ட ஆயுளுக்கும். நடந்தாலும், பட்டினி கிடந்தாலும் பெரிதாக அசையாது.

எங்கட சனத்துக்கு ஏன் இது முக்கியம்? கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் முன்னின்று 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வில், தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. சீனி வருத்தம், புகை, வயிற்றுக் கொழுப்பு என்று காரணம் பல. லிட்டில் ஏ அதில் ஒன்று.

என்ரை சித்தப்பா 46 வயதில் போனார். மெலிஞ்ச ஆள், சைவம், சிகரெட் தொட்டதில்லை. செத்தவீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். கண்ணூறு. இரண்டு வேலை செய்த களை. ஊரை நினைச்ச யோசனை. அவருக்கு இது இருந்ததோ என்று இனித் தெரியவராது. ஆனால் அந்த வயதுக்கு நான் கிட்ட வந்தபோது குடும்ப டொக்டரிடம் கேட்டு இந்தச் சோதனையைச் செய்தேன். எல்.டி.எல். நோர்மல். லிட்டில் ஏ 190 நானோமோல். தங்கச்சிக்கு வெறும் 20. ஒரே அப்பா, ஒரே அம்மா!

அம்மாவுக்குச் சொன்னேன். “உதை வெளியிலை கதைச்சுத் திரியாதை, நாளைக்குப் பிள்ளையளுக்குக் கலியாணம் பேசவேணும்,” என்றார். அம்மாவில் பிழை சொல்ல மாட்டன். வருத்தத்தை மறைத்துத்தான் அந்தத் தலைமுறை மரியாதையைக் காப்பாற்றியது. ஆனால் என் இரண்டு பிள்ளையளில் ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மறைத்தால் அது இல்லாமல் போகாது.

சரி, என்ன செய்யலாம்?

ஒன்று: ஆயுளில் ஒருமுறை அளந்தால் பெரும்பாலும் போதும். கனடாவின் இதயநோய் வல்லுநர் சங்கம் 2021இலும் ஐரோப்பிய வல்லுநர்கள் 2022இலும் இதையே சொன்னார்கள். சாதாரண கொலஸ்ட்ரோல் சோதனையில் இது சேராது. பெயர் சொல்லிக் கேட்கவேணும். காசு கட்டவேணுமோ என்றும் கேளுங்கோ. ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கோ: 50 மில்லிகிராமுக்கு மேல், அல்லது 100–125 நானோமோலுக்கு மேல் என்றால் கூட என்று எடுக்கிறார்கள்.

இரண்டு: கூட இருந்தால் பயந்து ஓடவேண்டாம். ஸ்டாட்டின் குளிசை லிட்டில் ஏயைக் குறைக்காது, ஆனால் எல்.டி.எல்.லைக் குறைத்து மொத்த ஆபத்தை இறக்கும். அதனால் “இதுக்கு வேலை செய்யாதாம்” என்று குளிசையை நிப்பாட்டாதையுங்கோ. பிரஷர், சீனி, புகை, எல்.டி.எல். நாலும் எங்கட கையில் இருக்கு. லிட்டில் ஏயைக் குறைக்கவென்றே உருவாக்கிய ஊசி மருந்துகளையும் பெரிய ஆய்வுகளில் சோதித்து வருகிறார்கள்.

மூன்று: உங்களுக்குக் கூட என்றால் சகோதரங்களுக்குச் சொல்லுங்கோ. பிள்ளையளுக்கு எப்போது பார்க்கலாம் என்று அவர்களின் டொக்டரைக் கேளுங்கோ.

நாலாவதுதான் கஷ்டம்: அம்மா அப்பாவைக் கேட்பது. “ஃபமிலி ஹிஸ்டரி இருக்கா?” என்றால் “ஒண்டுமில்லை” என்றுதான் பதில் வரும். இப்பிடிக் கேட்டுப் பாருங்கோ: “அப்பப்பா எத்தினை வயசிலை செத்தவர்? திடீரெண்டோ, வருத்தமாய்க் கிடந்தோ?” “மாமாவுக்கு நெஞ்சு நோ வந்தது எப்ப?” “ஆருக்காவது பைபாஸ் செய்தவையா?” ஆண்களில் 55க்கு முன்னம், பெண்களில் 65க்கு முன்னம் இதயவருத்தம் வந்திருந்தால் பெயரையும் வயதையும் எழுதி வைத்து டொக்டரிடம் காட்டுங்கோ.

அவர்கள் இருக்கும்போதே கேளுங்கோ. ஊரில் ஆருக்கு என்ன நடந்தது என்ற கணக்கு அவர்களிடம் மட்டும்தான் இருக்கு.