'பிழை' எண்டு எழுதிவிட்ட வெப்பம்

உயர்தர இரசாயனத்தில் சக்தியியல் வந்தால் எங்களில் பலருக்குச் சந்தோசம்தான். ஹெஸ்ஸின் விதியைப் பிடித்துக்கொண்டு, மறைக்குறியை விடாமல் போட்டால் புள்ளி கையில். புரோப்பேனின் தகன வெப்பவுள்ளுறை மூலுக்கு மறை 2220 கிலோயூல், பியூற்றேனுக்கு மறை 2878. ரியூசனில் எத்தனை தரம் எழுதியிருப்போம்! ஆனால் அந்த 2220இல் பானைக்குள் எவ்வளவு போகுது எண்டு எங்களை ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் வெடிப்புச் செய்திகள் வந்தபோது எல்லோரும் பேசியது புரோப்பேன், பியூற்றேன் விகிதத்தைப் பற்றித்தான். மூலுக்குரிய எண்ணை மட்டும் பாடமாக்கினவருக்குப் பியூற்றேன்தான் கூடச் சூடு தருவது போலத் தெரியும். நாங்கள் காசு குடுப்பது மூலுக்கு இல்லையே, கிலோவுக்கு. ஒரு மூல் புரோப்பேன் 44 கிராம், பியூற்றேன் 58 கிராம். வகுத்துப் பாருங்கோ, இரண்டுமே கிராமுக்கு ஏறத்தாழ 50 கிலோயூல். பெரிய வித்தியாசம் அமுக்கத்தில் இருக்கு. எங்கட 30 பாகை வெக்கையில் புரோப்பேனின் ஆவியமுக்கம் பியூற்றேனினதைப் போல மூன்று நாலு மடங்கு. விகிதம் மாறினால் வால்வு தாங்கவேண்டிய அமுக்கமும் மாறும். அதனால் சிலிண்டரில் விகிதத்தை எழுது எண்டு கேட்பது வெறும் அடம் இல்லை, அது வாங்குகிறவரின் உரிமை.

சரி, பானைக்கு வருவோம். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில், புத்தகக் கணக்குப்படி, சுமார் 625 மெகாயூல் வெப்பம். ஆனால் நியமத் தகன வெப்பவுள்ளுறையின் வரைவிலக்கணத்தில் கடைசியில் கிடைக்கும் நீர் திரவம். குசினியில் அது ஆவியாய்ப் பறக்குது. புரோப்பேனில் அந்த ஒரு காரணத்தாலேயே 2220 என்பது 2044 ஆகிவிடும், அதாவது நூற்றுக்கு 8 பங்கு போச்சு. மிச்சத்திலும் நல்ல காஸ் அடுப்பில்கூட பாதியோ அதைவிடக் கொஞ்சம் கூடவோதான் பானைக்குள் போகும். மற்றதெல்லாம் பானையின் பக்கத்தால் ஏறிக் கூரைக்குப் போகும்.

இன்னொரு விசயம். எரிபொருளுக்குள்ளே சக்தி அடைபட்டுக் கிடக்கிறது, பிணைப்பு உடைந்தால் அது வெளியே வருகுது எண்டு இன்றைக்கும் பலர் சொல்வார்கள். பிணைப்பை உடைக்கச் சக்தி குடுக்க வேண்டும். மெதேனில் கணக்குப் போட்டால், ஒரு மூல் மெதேனினதும் இரண்டு மூல் ஒட்சிசனினதும் பிணைப்புகளை உடைக்க ஏறத்தாழ 2648 கிலோயூல் செலவு. காபனீரொட்சைட்டும் நீராவியும் உருவாகும்போது 3450 திரும்ப வருகுது. மிச்சம் 802 தான் எங்களுக்கு. அப்படியெண்டால் பாதி வேலை ஒட்சிசனுடையது. காற்றுக் குறைந்தால் என்ன நடக்கும்? ஒரு மூல் காபன் முழுதாய் எரிந்தால் 393 கிலோயூல், காபனோரொட்சைட்டோடு நின்றால் வெறும் 110. பானை அடியில் கரி பிடிக்குது, சுடர் மஞ்சளாய் நிற்குது எண்டால் காசு எரியாமல் போகுது எண்டு அர்த்தம். அதோடு மணமும் நிறமும் இல்லாத ஒரு நஞ்சும் அறைக்குள் சேரும். யன்னலைத் திற எண்டு அம்மம்மா சொன்னதிலும் இரசாயனம் இருக்கு.

2022இல் காஸ் வரிசையில் நின்று களைத்த வீடுகள் விறகுக்குத் திரும்பின. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும் அந்த வழியும் கனபேருக்கு அடைபட்டது. விறகு சும்மா கிடைக்குதுதானே எண்டு அப்போது சொன்னவர்களோடு எங்களுக்குச் சண்டை இருக்கு. காய்ந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 15 மெகாயூல், மூன்று கல் அடுப்பில் அதில் நூற்றுக்கு 10 தொடக்கம் 15 பங்குதான் பானைக்குப் போகும். ஒரு கிலோ காஸ் செய்யும் வேலைக்கு 10, 15 கிலோ விறகு வேண்டும். அதைப் பொறுக்கி, சுமந்து, ஊதி, அந்தப் புகையைக் குடிப்பது யார்? அநேகமாகப் பெண்கள்தான். அவர்களுடைய நேரத்துக்கும் நுரையீரலுக்கும் விலை போடாததால்தான் விறகு 'சும்மா'. அதே விறகை 'அனகி' மண் அடுப்பில் வைத்தால் குறைவாய் எரிக்கலாம். மரத்தின் இரசாயனம் மாறவில்லை, வெப்பம் போகும் வழிதான் மாறியிருக்கு.

ஸ்பிரிட் விளக்கால் நீரைச் சூடாக்கி வெப்பம் அளந்த எவருக்கும் தெரியும், விடை புத்தகப் பெறுமானத்தின் பக்கத்திலும் வராது. உடனே கொப்பியில் 'பிழைகள்: சூழலுக்கு வெப்ப இழப்பு' எண்டு ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அந்த ஒரு வரியில்தான் ஒரு நாள் மினக்கெட வேண்டும் எண்டு நாங்கள் சொல்கிறோம். அதே விளக்கு, அதே நீர். ஒருக்கா மூடியோடு, ஒருக்கா மூடியில்லாமல். ஒருக்கா காற்றுக்கு மறைப்புக் கட்டி, ஒருக்கா அகலமான சட்டியில். ஒவ்வொரு தரமும் விளக்கை நிறுத்து, எத்தனை கிராம் மிச்சம் பிடித்தோம் எண்டு கணக்கெடுத்து, அதை இன்றைய காஸ் விலையால் பெருக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டட்டும்.