இரு மொழியும் முதுமையும்



சென்ற விடுமுறையில் கம்பத்திலிருந்து மலைச்சாலை ஏறிக் கம்பம்மெட்டுக்குச் சென்றிருந்தேன். அங்கே குடியேறிய என் உறவினர் இல்லத்தில் 88 வயது அப்பத்தா ஒருவர் இருக்கிறார். இளமையில் ஏலத்தோட்ட வேலைக்கு வந்தவர். பள்ளி வாசலை மிதித்தறியாதவர். ஆயினும் பேரனிடம் தமிழிலும் அண்டை வீட்டாரிடம் மலையாளத்திலும் தங்குதடையின்றி உரையாடுகிறார். பழைய கூலிக்கணக்கும் மறக்கவில்லை. காரணம் கேட்டேன். "நாலு பேரோடு பேசிக்கொண்டே இருக்கிறேன், தம்பி. மறக்க நேரம் ஏது?" என்று நகைத்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதில் உண்மையும் உண்டு. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும், டிமென்ஷியா எனும் மறதி நோயுற்ற 648 பேரை ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் அறிந்தாரைவிட, இரு மொழி பேசுவோருக்கு நோய் சுமார் நாலரை ஆண்டுகள் பிந்தியே தோன்றியதாம். எழுத்தறியாதாரிடத்தும் இவ்வேற்றுமை காணப்பட்டமையால், இது படிப்பின் பயன் மட்டுமே எனத் தள்ளுதற்கில்லை. ஒரு மொழியை அடக்கி மற்றொன்றை எடுத்தாளுவது மூளைக்கு ஓயாத பயிற்சி என அறிஞர் கருதுகின்றனர்.

அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளிடையே 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியோ இன்னும் வியப்பானது. இறந்தபின் மூளையைச் சோதித்தபோது நோயின் அடையாளங்கள் மிகுந்திருந்த சிலர், வாழ்ந்த நாளில் தெளிந்த நினைவுடனே இருந்திருக்கின்றனர்! மாதந்தோறும் சிறுகச் சேரும் சேமநிதி முதுமையில் கைகொடுப்பதுபோல, வாழ்நாள் முழுதும் மூளைக்குத் தந்த வேலை அவர்களைத் தாங்கியது எனலாம்.

இதனால் நோய் வரவே வராது என்பதில்லை. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், காது மந்தம், தனிமை ஆகியவற்றையும் கவனித்தல் வேண்டும். மறதி மிகுமாயின் மூப்பென்று மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

என் தவறு ஒன்றையும் கூறிவிடுகிறேன். தாயாரைப் பாலக்காட்டுக்கு அழைத்து வந்து ஈராண்டாயிற்று. அவர் சிரமப்படலாகாது என்று கடைக்கும் நானே செல்வேன். பேச்சுத்துணையின்றி அவர் சன்னலோரம் அமர்ந்திருப்பார். அன்பென்று எண்ணி அவர் வாயைப் பூட்டிவிட்டேன்! இப்பொழுது மாலைதோறும் பேரனுடன் காய்கறிக் கடைக்குச் செல்கிறார். அவன் பாட்டிக்கு மலையாளம் கற்பிக்கிறான். அவர் அவனுக்குத் தமிழ்க் கதை சொல்கிறார்.

நேயர்களே, உங்கள் இல்லத்து முதியோரிடம் இன்று எத்தனை நாழிகை பேசினீர்கள்?