கொட்டேஷனில் விடுபட்ட ஒரு வரி

புனேயின் ஏரவாடாவில் ஒரு தனி வீட்டின் பின்புறம் இருக்கும் நீச்சல் குளத்துக்கு ஹீட்டர் போடத் தயாரான கொட்டேஷன் ஒன்றை, புனேயில் தொழில் செய்யும் நம் வாசகர் ஒருவர் கருத்துக் கேட்டு அனுப்பியிருந்தார். நான்கு பக்கம். ஹீட் பம்பின் திறன், டைட்டானியம் சுருள், குழாய் அளவு, பைபாஸ் வால்வு, கான்கிரீட் மேடை, வயரிங், ஜி.எஸ்.டி. எல்லாம் இருந்தன. வீட்டுக்காரர் முதல் நாளிலிருந்து கேட்டுவந்த கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மாதம் எவ்வளவு கரண்ட் பில் வரும்?

இதை அந்த ஒருவரின் குறை என்று சொல்லமாட்டேன். நீச்சல் குளத் தொழிலில் இருக்கும் நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுகிறோம். நானும் பல ஆண்டுகள் இப்படியே எழுதியவன். இயந்திரத்துக்கு வீட்டுக்காரர் ஒருமுறைதான் பணம் கொடுக்கிறார். அதை ஓட்டுவதற்கு ஒவ்வொரு குளிர்காலமும் கொடுக்கிறார். இரண்டாவது தொகையைச் சொல்லாமல் முதல் தொகைக்குக் கையெழுத்து வாங்குவது நேர்மையான வியாபாரம் ஆகாது.

தமிழ்நாட்டுச் சமவெளியில் குளம் கட்டிப் பழகியவர்களைப் புனே முதல் குளிர்காலத்திலேயே திணறடித்துவிடும். ஊர் தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரிப் பகலில் சென்னைக்கும் புனேக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டு ஊரிலும் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். இரவில்தான் கதை மாறுகிறது. சென்னையில் 21 டிகிரியோடு நின்றுவிடும் இரவு, புனேயில் சராசரியாக 11, 12 வரை இறங்கும். சில நாட்களில் 10க்கும் கீழே போகும். ஏரவாடா போன்ற முளா-முட்டா ஆற்றோரப் பகுதிகளின் தாழ்வான இடங்களில் அதிகாலைக் குளிர் தேங்கி நிற்கும்.

குளிரைவிடப் பெரிய எதிரி வறட்சி. நம் வீட்டு மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் மே மாதம் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அதே பானை சென்னையில் கடலோர வீட்டில் அவ்வளவு குளிர்வதில்லை. காற்று வறண்டிருந்தால் நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாகிற நீர் மிச்ச நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். புனேயின் குளிர்காலக் காற்று வறண்ட காற்று. அங்கே திறந்து கிடக்கும் குளம் ஒரு பெரிய மண்பானைதான். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பம் செலவாகிறது. அதே ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஆகும் வெப்பத்தைப்போல் இது 580 மடங்கு. குளம் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் ஆவியாகவே போகிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் வழிகாட்டி கூறுகிறது.

ஒரு குளத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். சுமார் 45,000 லிட்டர், அதாவது 45 கன மீட்டர். ஒரு கன மீட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 1.16 யூனிட் வெப்பம் வேண்டும். ஹீட்டர் இல்லாமல் ஜனவரியில் 22 டிகிரியில் கிடக்கும் நீரை 28க்குக் கொண்டுவர 45 × 6 × 1.16, சுமார் 313 யூனிட். இது சீசன் தொடக்கத்தில் ஒருமுறை ஆகும் செலவு. பெரும்பாலான கொட்டேஷன்களில் ஹீட்டரின் அளவை இதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். உண்மையான செலவு 28ஐ எட்டிய மறுநாள்தான் தொடங்குகிறது.

28 டிகிரியில் திறந்து விட்ட குளம் தெளிந்த வானமுள்ள ஓர் இரவில் 2 டிகிரி வரை இழக்கலாம். 45 × 2 × 1.16 என்றால் 104 யூனிட். பகல் வெயில் இதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். மரநிழலில் உள்ள குளத்துக்கு அந்த உதவியும் இல்லை. கணக்குக்காக நாளுக்கு 90 யூனிட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம்.

மின்சார விலையை எப்படி எடுப்பது என்பதில் நம்மவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். பழைய பில்லின் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரி இங்கே உதவாது. மகாராஷ்டிர மின்வினியோக நிறுவனமான மகாவிதரணின் வீட்டு மின்கட்டணம் ஸ்லாப் ஸ்லாபாக ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் விலை மிக அதிகம். வீட்டின் விளக்கும் ஃபிரிட்ஜும் கீழ் ஸ்லாபுகளை ஏற்கெனவே நிரப்பிவிடுகின்றன. குளத்துக்காகக் கூடுதலாக ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் உச்ச ஸ்லாப் விலையில்தான் விழும். அந்த விலையை 15 ரூபாய் என்று வைத்தால், கம்பிச்சுருள் ஹீட்டருக்கு நாளுக்கு 1,350 ரூபாய், மாதம் 40,500 ரூபாய். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 4 யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்புக்கு மாதம் சுமார் 10,100 ரூபாய். எரிவாயுவில் ஓட்டினால், 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்றில் ஹீட்டரின் இழப்பு போக ஏறத்தாழ 200 யூனிட் வெப்பம் கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒரு சிலிண்டர் தீர்ந்துபோகும். சிறிய வீட்டுக் குளத்துக்குக் கம்பிச்சுருளையும் சிலிண்டரையும் பரிந்துரைக்க இனி எந்தக் காரணமும் இல்லை என்பது என் முடிவு.

ஹீட் பம்பிலும் ஒரு கவனம் தேவை. அதன் மேல் ஒட்டியிருக்கும் சி.ஓ.பி. எண் (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் என்பது) பெரும்பாலும் 27 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் எடுத்தது. புனேயின் ஜனவரி அதிகாலையில் அந்தக் காற்று கிடையாது. வீட்டுக்காரர் ஏழு மணிக்கு நீந்துவார் என்று நான்கு மணிக்கே டைமர் வைக்கிறோம். இயந்திரம் தன் மிக மோசமான நேரத்தில் ஓடுகிறது. அதே இயந்திரத்தைப் பகல் 11 முதல் 4 மணி வரை, 30 டிகிரிக் காற்றில் ஓட்டிச் சூட்டைச் சேமித்து, மாலையில் மூடிவைக்க வேண்டும். மொட்டைமாடியில் சோலார் மின்தகடு இருந்தால் அந்த நேரமே பொருத்தமான நேரம். ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்களுக்கு வெயில் நேர மின்சாரம் மலிவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2023 விதித் திருத்தமும் சொல்கிறது.

சேமித்த சூட்டை மூடிவைப்பது என்றேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். உலைக்கு மூடி போடாமல் அடுப்பை மட்டும் பெரிதாக்கும் சமையல்காரரை யாரும் வேலைக்கு வைக்கமாட்டார்கள். நாம் குளத்துக்கு அதைத்தான் செய்துவருகிறோம். குமிழ் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் குளம் பயன்பாட்டில் இல்லாதபோது விரித்தால் சூடாக்கும் செலவு 50 முதல் 70 சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் அதே வழிகாட்டி கூறுகிறது. பாதி என்றே வைப்போம். 90 யூனிட் 45 ஆகிறது. ஹீட் பம்புடன் சேர்த்தால் மாதச் செலவு சுமார் 5,000 ரூபாய்க்கு இறங்கிவிடும். அந்த 90 யூனிட்டைப் பகல் ஐந்து மணி நேரத்தில் தர 18 கிலோவாட் வெப்பத் திறனுள்ள இயந்திரம் வேண்டும். 45 யூனிட்டுக்கு 9 கிலோவாட் போதும். கவரை விற்றால் ஹீட்டர் சிறிதாகிறது, நாம் போடும் பில்லும் சிறிதாகிறது. கவர் ஏன் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் ‘தேவைப்பட்டால்’ என்ற சொல்லோடு ஒதுங்கிக் கிடக்கிறது என்பதற்கு இதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கவர் வாங்கியும் பயன்படுத்தாத வீடுகள் ஏராளம். தோட்டத்து மூலையில் சுருட்டி வைத்த கவர் வெயிலில் நொறுங்கிப்போய்க் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காரரின் சோம்பல் என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஈரக் கவர் கனமானது. அதை இழுக்க இரண்டு பேர் வேண்டும். மாலையில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் வயதான ஒருவர்தான். கவரோடு ரோலரும் வேண்டும்; ஒருவர் ஒரு நிமிடத்தில் சுற்றக்கூடிய ரோலர். ரோலரின் கால் ஊன்றும் இடத்தைக் குளத்தின் வரைபடத்திலேயே ஒதுக்க வேண்டும். கட்டி முடித்து டைல்ஸ் ஒட்டிய பிறகு இடம் தேடினால் கிடைக்காது. ஒரு எச்சரிக்கையையும் நாம் வாயால் சொல்லி, எழுத்திலும் தர வேண்டும்: குமிழ் கவர் குழந்தையின் எடையைத் தாங்காது. அது வெப்பத்துக்கான மூடி மட்டுமே. குழந்தை உள்ள வீட்டில் வேலியும் பூட்டும் தனியாக வேண்டும்.

கவர் தண்ணீரையும் காக்கிறது. வறண்ட காற்றில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 4 லிட்டர் ஆவியானால், நம் கணக்குக் குளம் மாதம் சுமார் 3,800 லிட்டர் இழக்கும். கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் ஒரு நகரத்தில் இந்த அளவு தண்ணீரைக் காற்றில் விடுவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈடுகட்டப் போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்புச் செறிவு ஏறி, சுருளில் படிவு பிடித்து, ஹீட் பம்பின் திறனையும் தின்னும்.

சூரிய வெப்பத்துக்கு வருகிறேன். மொட்டைமாடி சோலார் வாட்டர் ஹீட்டர் புனேக்குப் புதிதல்ல; அதைப் பொருத்திய வீடுகளுக்கு மாநகராட்சி சொத்து வரியில் தள்ளுபடி தருகிறது. ஆனால் 60 டிகிரி நீர் தரும் கண்ணாடிக் குழாய் அமைப்பு குளத்துக்குத் தேவையில்லை. நமக்கு வேண்டியது 30 டிகிரி. கண்ணாடி மூடாத கறுப்பு பாலிபுரோப்பிலீன் பாய்களே போதும். புனேயின் பகல் காற்று குள நீரைவிடச் சற்றுச் சூடாகவே இருப்பதால், அந்தப் பாய்கள் சேர்த்த வெப்பத்தைக் காற்றுக்கு அதிகம் இழப்பதில்லை. இரவில் நம்மைத் தோற்கடிக்கும் ஊர் பகலில் இப்படிக் கைகொடுக்கிறது. தெளிந்த நாளில் சதுர மீட்டருக்கு 3 யூனிட் என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 20 சதுர மீட்டர் பாய் 60 யூனிட் தரும். கவர் போட்ட குளத்தின் தேவை 45 யூனிட்தான். மேகமூட்ட நாட்களுக்கு மட்டும் ஒரு சிறிய ஹீட் பம்ப் இருந்தால் போதும்.

இத்தனை கணக்கும் ஹீட்டரே வேண்டாம் என்பதற்காக அல்ல. முழங்கால் வலிக்காக நீந்தச் சொல்லப்பட்ட முதியவருக்கு வெதுவெதுப்பான நீர் ஆடம்பரம் ஆகாது. அவரும் அதன் செலவைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

அந்தப் புனே நண்பருக்கு நான் எழுதிய பதில் சிறியது. கொட்டேஷனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டு இரவுகள் வீட்டுக்காரரிடமே ஒரு தெர்மாமீட்டரைக் கொடுங்கள். மாலை ஏழு மணிக்கும் காலை ஏழு மணிக்கும் நீரின் வெப்பநிலையை எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஓர் இரவு திறந்தபடி, ஓர் இரவு ஏதாவது ஒரு பிளாஸ்டிக் விரிப்பால் மூடி. இரவில் குறைந்துபோன டிகிரியைக் கன மீட்டராலும் 1.16ஆலும் பெருக்குங்கள். வரும் இரண்டு எண்களையும் ரூபாயாக்கி முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். முதல் பொருளாகக் கவரும் ரோலரும், இரண்டாவதாகச் சூரியப் பாய், மூன்றாவதாக ஹீட்டர் வரட்டும்.

இதே வேண்டுகோள் எல்லா வாசகர்களுக்கும். கோவையிலோ ஓசூரிலோ உதகையிலோ பெங்களூரிலோ நீங்கள் பராமரிக்கும் ஒரு குளத்திலாவது இந்தக் குளிர்காலத்தில் இந்த இரண்டு இரவு அளவை எடுங்கள். ஊர், குளத்தின் அளவு, நான்கு வெப்பநிலைகள் ஆகியவற்றை மட்டும் எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். வீட்டுக்காரரின் பெயர் வேண்டாம். பிப்ரவரி முடிவுக்குள் வந்து சேர்பவற்றை ஊர்வாரியாக அட்டவணையிட்டு மார்ச் இதழில் வெளியிடுகிறோம்.