பாவித்த பம்பியும் பழி சுமக்கும் தாயும்

பாவித்த தாய்ப்பால் பம்பியை விற்கலாமா, வாங்கலாமா என்ற விவாதத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. "கொதிநீரில் அவித்தால் கிருமி ஏது? இது கம்பனிகள் கட்டிவிட்ட கதை" என்கிறது ஒரு கட்சி. வாங்கும் தாயைப் பிள்ளையின் பகைவியாகவே சித்திரிக்கிறது மற்றது. இரண்டோடும் எனக்கு வழக்கு உண்டு.

முதற் கட்சியார் பம்பியின் உள்ளே பார்த்ததில்லை போலும். மார்பில் பொருத்தும் புனலையும் போத்தலையும் அவிக்கலாம். மோட்டாரை அவிக்க முடியுமா? பாலுக்கும் மோட்டாருக்கும் இடையே தடுப்பு இல்லாத வகைகளில் பாற்துளியும் ஈரமும் குழாய்வழியே உள்ளே சென்று தங்கக்கூடும். அங்கு பூஞ்சணம் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது. எச்.ஐ.வி. போன்ற கிருமிகள் தாய்ப்பாலின் வழியே தொற்றக்கூடியவை என்பதையும் மறத்தலாகாது. ஒருவர் பாவனைக்கென ஆக்கப்பட்ட பம்பியை இன்னொருவர் பாவிக்கலாகாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் கூறுவது இதனாலேயே. தடுப்பு உள்ள பம்பியும் ஒருவருக்கென விற்கப்பட்டதாயின் அதற்கு விலக்கன்று.

எனவே, பிரித்துப் பாவித்த பம்பியைக் கடைக்காரர் திரும்பப் பெற மறுப்பது நியாயமே. ஆனால், வாங்கிய அன்றே இயங்காத பம்பியையும் "சுகாதாரப் பொருள்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பது எந்த நியாயம்? மீண்டும் விற்கக்கூடாது என்பது வேறு. பழுதுக்குப் பொறுப்பில்லை என்பது வேறு. விற்கும் பொருள் தரமுடையதாய் இருத்தல் வேண்டும் என்பது இந்நாட்டில் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் தொட்டுள்ள நியதி. பழுதானதை வாங்கி அழித்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பதே வணிக நேர்மை.

இனி, தாயைத் தூற்றுவோருக்கு வருவோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்கிறது சுகாதாரத் துறை. தனியார் துறைப் பெண்ணுக்குச் சட்டம் தருவதோ 84 நாள் விடுமுறை. வாரவிடுமுறைகளைச் சேர்த்து எண்ணினாலும் ஆறு மாதம் வராது. எஞ்சிய மாதங்களுக்கு அவள் என்ன செய்வாள்? 2022 இல் ரூபாய் வீழ்ந்தபின் இறக்குமதிப் பொருளின் விலை என்னவாயிற்று என்பதை யாவரும் அறிவோம். அவள் பாவித்த பம்பியைத் தேடுவது அறியாமையால் மட்டுமன்று; வழியின்மையாலுந்தான்.

வழி இல்லாமலும் இல்லை. பலர் பாவனைக்கென்றே தடுப்புடன் ஆக்கப்பட்ட பம்பிகள் உலகில் உள்ளன. இயந்திரம் பொது, புனல், குழாய், போத்தல் ஆகியன தாய்க்குத் தாய் புதியவை. மகப்பேற்று விடுதியுள்ள ஒவ்வொரு வைத்தியசாலையும் இவற்றைச் சிறு வாடகைக்கு வீட்டுக்குக் கொடுக்கட்டும். பெண்களின் உழைப்பில் வாழும் ஒவ்வோர் ஆடைத் தொழிற்சாலையும் இதற்கென ஓர் அறையும் குளிர்சாதனப் பெட்டியும் வைக்கட்டும். அதுவரை, காசு கேளாத முறையொன்று உண்டு: கையால் பால் எடுத்தல். அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

ஆண்டுதோறும் ஓகஸ்ட் முதல் வாரத் தாய்ப்பால் வாரத்துக்கு அமைச்சர்களின் வாழ்த்துச் செய்திகளை அச்சேற்றிச் சலித்தவன் நான். தாய்ப்பாலின் மகிமை அவற்றில் நிறைந்திருக்கும். வேலைக்குத் திரும்பும் தாய்க்கு ஓர் அறை, ஒரு பம்பி என்ற பேச்சை நான் கண்டதில்லை. அவற்றைக் கொடுத்துவிட்டுப் புத்தி சொல்லுங்கள், கேட்பாள்.